மே மாதம் மலையில் டென்ட்: மேல்மலையா, சூரியநெல்லியா, டாப்சிலிப்பா, ஏலகிரியா?

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் நண்பர்கள் வட்டத்தில் ஒரு கேள்வி கிளம்பும். "பிள்ளைகளுக்கு லீவு விடப் போறாங்க. ஹோட்டல் ரூம் எடுத்து அலுத்துப்போச்சு. ரெண்டு ராத்திரி மலையில டென்ட்ல தங்கலாம்னு பாக்குறோம். எங்க போகலாம்?" கேட்பவர் கையில் ஏற்கெனவே நாலு இடங்களின் படங்கள் இருக்கும். நாலிலும் ஒரு ஆரஞ்சு நிற டென்ட், பின்னால் மேகக் கடல், கையில் தேநீர்க் கோப்பை. இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழம்பிப்போய் நிற்பார்கள்.

அந்தப் படங்கள் எல்லாம் காலை ஆறரை மணிக்கு எடுத்தவை. நீங்கள் டென்ட்டில் இருக்கப்போவதோ இரவு ஏழு மணி முதல் விடியும்வரை. அந்தப் பதினோரு மணி நேரத்தில் குளிர் எப்படி, மழை வந்தால் என்ன ஆகும், நடுராத்திரியில் சின்னப் பிள்ளை பாத்ரூம் போகணும் என்றால் எவ்வளவு தூரம் நடக்கணும், வெளியே என்ன விலங்கு நடமாடும்? இதைத்தான் முதலில் பார்க்கணும். காட்சி நாலு இடத்திலும் அழகாகத்தான் இருக்கும். இரவுதான் இடத்துக்கு இடம் வேறுபடும். இந்த நாலு இடங்களிலும் குடும்பத்தோடு தங்கியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

குளிர். பொதுவாக ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஆறு, ஆறரை டிகிரி குறையும். இந்த ஒரு கணக்கு போதும், பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம். வேலூரில் 40 டிகிரி அடிக்கும் நாளில், சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள ஏலகிரியில் பகலில் 34 டிகிரி வரை இருக்கத்தான் செய்யும். 2,100 மீட்டருக்கு மேல் இருக்கும் கொடைக்கானலில் அதே நாளில் மதியமே இருபது டிகிரி சொச்சம்தான். இரவில் பன்னிரண்டு, பதின்மூன்றுக்கு இறங்கும்.

மழை. கோடை என்றால் மழை இருக்காது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏப்ரல், மே மாதங்களில் மதியம்வரை பளிச்சென்று வெயில் இருக்கும். மூன்று மணிக்கு மேல் இருட்டிக்கொண்டு வந்து இடியோடு கொட்டும். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 1. ஆகவே மே கடைசி வாரத்தில் போகிறவர்கள் கோடை மழைக்கும் பருவமழைக்கும் சேர்த்தே தயாராக இருக்கணும்.

நிலம் யாருடையது. இதை யாரும் கேட்பதில்லை. காப்புக்காட்டில் நாமாகப் போய் டென்ட் அடிக்க முடியாது. அங்கே அனுமதியில்லாமல் நுழைவதும் தீ மூட்டுவதும் தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன்படி குற்றம். தனியார் நிலம் என்றாலும், தங்க வைக்க அந்த ஆளுக்கு உரிமம் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

விலங்கு. வேலி இருக்கிறதா, வழித்தடத்தில் இருக்கிறதா, ராத்திரி காவலுக்கு ஆள் உண்டா.

கழிப்பறையும் தண்ணீரும். மே மாதம் மலையிலும் தண்ணீர்ப் பஞ்சம்தான். பல முகாம்களில் லாரித் தண்ணீர் வரும்.

கடைசி பத்து கிலோமீட்டர். நம் வண்டி போகுமா, ஜீப் பிடிக்கணுமா, எத்தனை மணிக்குள் செக்போஸ்ட்டைத் தாண்டணும்.

அப்புறம் செலவு. விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகையை அல்ல, வீடு திரும்பிய பிறகு கூட்டிப் பார்க்கும் தொகையைச் சொல்கிறேன்.

## சொந்த டென்ட்டோடு கொடைக்கானல் மேல்மலை

கொடைக்கானல் ஊருக்குள் டென்ட் போடுவதில் அர்த்தமில்லை. மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் ஏரிச் சாலையைக் கடக்கவே ஒரு மணி நேரம் ஆகும். ஊரைத் தாண்டி மேற்கே போனால் பூம்பாறை, கூக்கால், மன்னவனூர், கவுஞ்சி என்று மேல்மலைக் கிராமங்கள் வரும். படிக்கட்டு வயல்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூம்பாறையில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தாலே பூண்டு வாசனை வரும். மன்னவனூரில் ஏரியும், மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணையும், கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளியும் இருக்கின்றன. இந்தப் பக்கம் சில தோட்டக்காரர்கள் தங்கள் நிலத்தில் டென்ட் அடிக்க இடமும், கழிப்பறையும், கேட்டால் சாப்பாடும் தருகிறார்கள்.

நாலு இடங்களில் மிக நல்ல குளிர் இதுதான். அதனாலேயே மிகக் கஷ்டமான இரவும் இதுதான். எங்கள் முதல் அனுபவத்தைச் சொல்கிறேன். மே இரண்டாவது வாரம், மன்னவனூர் பக்கம் ஒரு தோட்டம். மதியம் இரண்டு மணிக்கு டென்ட்டை அடித்து முடித்தோம். தரை ஈரம் ஏறக்கூடாது என்று அடியில் பெரிய தார்ப்பாய் விரித்திருந்தேன். டென்ட்டைவிட நாலு பக்கமும் ஓரடி நீளமாக இருந்தது. தாராளமாக இருக்கட்டுமே என்று அப்படியே விட்டேன். மூன்றரை மணிக்கு இடி விழுந்தது. கால் மணி நேரத்தில் டென்ட்டின் தரை தண்ணீர்ப் படுக்கை மாதிரி குழைந்தது. மேலிருந்து ஒரு சொட்டு ஒழுகவில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த தார்ப்பாய் ஓரத்தில் விழுந்த மழை எல்லாம் வழிந்து எங்கள் அடியில் வந்து தேங்கியிருந்தது. சின்னவனின் கம்பளிக் காலுறை, இரண்டு போர்வை, ஒரு தலையணை நனைந்துவிட்டன. தோட்டக்காரர் சாக்குப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார். "பாயை உள்ள மடிங்க சார். வெளிய நீட்டிட்டு இருந்தா அதுவே தண்ணியை உள்ள கூட்டிட்டு வந்துரும்" என்று சொல்லிக்கொண்டே நாலு ஓரத்தையும் அவரே மடித்துவிட்டார். பூண்டு காய வைக்கும் கொட்டகையில் அன்றைக்கு ராத்திரி பிள்ளைகளைப் படுக்க வைத்தோம். அவர் வீட்டுக் கட்டங்காப்பியை இன்றும் என் மனைவி நினைத்துக்கொள்வாள்.

அதிலிருந்து நான் கற்றுக்கொண்டது இரண்டு. தரைவிரிப்பு டென்ட்டைவிட நாலு விரல் உள்ளடங்கி இருக்கணும். இரண்டாவது, மழை முற்றினால் ஓடி ஒதுங்க ஒரு கூரை இருக்கும் இடத்தில்தான் டென்ட் அடிக்கணும். இடி மின்னலின்போது திறந்த புல்வெளியிலோ தனி மரத்தடியிலோ டென்ட்டுக்குள் உட்கார்ந்திருப்பது ஆபத்து.

மறைந்திருக்கும் செலவு இங்கே சாமான்களில்தான். ஆன்லைனில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒற்றைத் துணி டென்ட் ஏலகிரியில் சமாளிக்கும், மேல்மலையில் தாங்காது. மேலே தனி மழைத்துணி உள்ள இரட்டை அடுக்கு டென்ட் வேண்டும். நீர் தாங்கும் அளவு என்று மில்லிமீட்டரில் ஒரு எண் போட்டிருப்பார்கள். மேல்துணிக்கு 2,000, தரைக்கு 3,000 இருந்தால் நல்லது. "நாலு பேர்" என்று எழுதியிருக்கும் டென்ட்டில் இரண்டு பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளும் படுத்தால் பைகளை வைக்க இடமிருக்காது. எப்போதும் ஓர் எண் கூட்டி வாங்குங்கள். குளிர் காற்றிலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்து அதிகம் ஏறும். ஆளுக்கொரு ஃபோம் பாய் கட்டாயம் வேண்டும். அதன் மேல் கோரைப்பாய் விரித்தால் இன்னும் சுகம். நாலு பேருக்குத் தரமாக வாங்கினால் 15,000 ரூபாயைச் சாதாரணமாகத் தாண்டும். வருடத்துக்கு இரண்டு முறையாவது போவீர்கள் என்றால் வாங்கலாம். இல்லையென்றால் சென்னை, கோவை, பெங்களூருவில் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம்.

இன்னொன்று இ-பாஸ். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் போக முடியும். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் ஒரு நாளைக்கு 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உச்ச வரம்பும் வைத்தார்கள். அரசுப் பேருந்தில் போனால் இந்தத் தொல்லை இல்லை. கொடைக்கானலில் இறங்கி மன்னவனூர் பேருந்தில் ஏறலாம். ஆனால் டென்ட், பாய், அடுப்பு எல்லாம் தூக்கிக்கொண்டு அந்தப் பேருந்தில் ஏறுவதற்குத் தெம்பு வேண்டும்.

விலங்கு என்று பார்த்தால் இங்கே காட்டுமாடுதான் கவலை. கொடைக்கானல் ஊர்த் தெருக்களிலேயே சர்வசாதாரணமாக நடந்து போகும். சாந்தமாகத் தெரியும். கிட்டே போய்ப் படமெடுக்க நினைக்காதீர்கள். இரவில் டார்ச் இல்லாமல் டென்ட்டை விட்டு இறங்க வேண்டாம்.

கொடைக்கானலில் அனுமதியில்லாமல் நடத்தும் டென்ட் முகாம்கள் மீது வருவாய்த் துறையும் வனத் துறையும் அவ்வப்போது நடவடிக்கை எடுக்கின்றன. உங்கள் முன்பதிவு நாளில் சோதனை நடந்தால் நடுத்தெருவில் நிற்பது நீங்கள்தான். போனில் பேசும்போதே உரிமம் பற்றிக் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

யாருக்கு இது சரி? ஏற்கெனவே ஒரு முறையாவது டென்ட்டில் தூங்கியவர்கள், பத்து வயதுக்கு மேல் உள்ள பிள்ளைகள், சொந்த வண்டி, வார நாளில் லீவு எடுக்க முடிந்தவர்கள். இந்த நாலும் பொருந்தினால் வேறு இடமே யோசிக்க வேண்டாம்.

## கட்டி வைத்த டென்ட்: சூரியநெல்லி, கொழுக்குமலை

கையை வீசிக்கொண்டு போகலாம் என்பதுதான் இதன் பெரிய வசதி. டென்ட், மெத்தை, ராத்திரி சாப்பாடு, காலை டிபன், கேம்ப் ஃபயர் எல்லாம் சேர்த்துத் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிவிடுவார்கள். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில், 2,100 மீட்டருக்கு மேல். ஆனால் வண்டிப்பாதை கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறை வழியாகப் போகணும். 2023 ஜூனில் போடிக்கு மறுபடியும் ரயில் வந்துவிட்டதால் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் போடிவரை நிம்மதியாகப் போய்விடலாம்.

சூரியநெல்லிக்கு மேல் நம் கார் போகாது. உள்ளூர் ஜீப்தான். பாறையும் பள்ளமுமாக எலும்பைக் குலுக்கும் பாதை. சூரிய உதயம் பார்க்கணும் என்றால் நாலு மணிக்கெல்லாம் ஜீப்பில் ஏறணும். முதுகுவலி உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் அதில் ஏற்ற வேண்டாம். மேலே போய் நின்றால் கீழே மேகம் பால் மாதிரி தளும்பிக் கிடக்கும். அதற்காகத்தான் இத்தனை பேர் போகிறார்கள். எனக்கு அதில் மாற்றுக் கருத்தில்லை.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், ஜீப் வாடகை தனி, தோட்ட நுழைவுக் கட்டணம் தனி. தமிழ்நாட்டு வாடகைக் காரில் போனால் கேரள பெர்மிட் தனி. அதைவிடப் பெரிய விஷயம், "கொழுக்குமலை டென்ட்" என்று விளம்பரம் செய்யும் பல முகாம்கள் கீழே சூரியநெல்லியில்தான் இருக்கின்றன. டென்ட் மலையுச்சியிலா, அடிவாரத்திலா என்று பணம் கட்டும் முன் தெளிவாகக் கேட்டுவிடுங்கள். உச்சியில் என்றால் காற்று பயங்கரமாக அடிக்கும். டென்ட் துணி இரவெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். தூக்கம் லேசாக வருபவர்களுக்கு அது சிரமம். சனிக்கிழமை இரவு என்றால் பக்கத்து டென்ட்டுகளின் ஸ்பீக்கர் பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முப்பது டென்ட்டுக்கு நாலு கழிப்பறை என்றிருக்கும் இடத்தில் காலை ஏழு மணிக்கு வரிசை நிற்கும். எத்தனை டென்ட், எத்தனை கழிப்பறை என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

இந்தப் பகுதியைப் பற்றிப் பேசும்போது இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வராது. ஒன்று, தீ. 2018 மார்ச் 11-ஆம் தேதி கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காய்ந்த புல் பற்றிக்கொண்டால் மேல்நோக்கி எவ்வளவு வேகமாக ஓடும் என்று அந்தச் சரிவைப் பார்த்தவர்களுக்குப் புரியும். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. முகாம்காரர் "பின்பக்கமா அப்படியே குரங்கணிக்கு இறங்கிரலாம்" என்று சொன்னால், வனத் துறை அனுமதிச் சீட்டைக் கையில் பார்க்காமல் ஓரடி வைக்காதீர்கள்.

இன்னொன்று, யானை. சூரியநெல்லிக்குப் பக்கத்தில் சின்னக்கானல். அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரல் கடைசியில் மயக்க ஊசி போட்டுப் பிடித்தது அங்கேதான். பெரியாறு காட்டில் விட்டார்கள். அது நடந்து கம்பம் ஊருக்குள் வந்தது. ஜூனில் மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோனார்கள். அந்த ஒரு யானை போய்விட்டதால் அந்தக் காடு யானையில்லாத காடாகிவிடாது. வயநாட்டின் மேப்பாடியில் 2021 ஜனவரியில் ஒரு தனியார் முகாமில் தங்கியிருந்த இளம்பெண்ணை யானை மிதித்துக் கொன்றது. டென்ட் துணி யானைக்குச் சுவர் அல்ல. வேலியும், ராத்திரி முழுக்க விழித்திருக்கும் காவல் ஆளும் இல்லாத முகாமில் குழந்தைகளோடு தங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கல்லூரி நண்பர்கள், அலுவலகக் குழு, சாமான் எதுவும் வாங்க விரும்பாத இளம் தம்பதி, இவர்களுக்கு இது நல்ல தேர்வு. வயதான அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறவர்களுக்கு அல்ல.

## வனத் துறையின் கூரைக்குக் கீழே: டாப்சிலிப், பரம்பிக்குளம்

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை செக்போஸ்ட் வழியாக ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் ஏறினால் டாப்சிலிப். வெள்ளைக்காரர் காலத்தில் வெட்டிய தேக்குக் கட்டைகளை இந்த உச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிடுவார்கள். அதனால் வந்த பெயர். இங்கே சொந்த டென்ட் அடிக்க முடியாது. அம்புலி இல்லம் போன்ற வனத் துறை விடுதிகளில் ஆன்லைனில் முன்பதிவு செய்து தங்கலாம். டென்ட்தான் வேண்டும் என்றால் டாப்சிலிப்பைத் தாண்டிக் கேரளத்தின் பரம்பிக்குளம் காப்பகத்துக்குள் ஆனைப்பாடியில் வனத் துறையே அமைத்த கூடாரங்கள் உண்டு. கேரளக் காடு என்றாலும் சாலை தமிழ்நாட்டு வழியாகத்தான். அங்கே சாப்பாடு, சஃபாரி, வழிகாட்டி எல்லாம் ஒரே கட்டணத்தில் வரும். முதலில் பார்த்தால் விலை அதிகமாகத் தெரியும். வேறு இடத்தில் தனித்தனியாகக் கொடுப்பதைக் கூட்டிப் பார்த்தால் அவ்வளவு வித்தியாசம் இல்லை.

குறை என்றால் குளிர் இல்லை. கொடைக்கானல் உயரத்தில் பாதிகூட இந்த இடம் இல்லை. மே மாதப் பகலில் வியர்க்கும். தேக்கு இலை உதிர்த்து நிற்கும், காடு காய்ந்த மஞ்சளாக இருக்கும். பச்சைக் காட்டை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாந்துபோவார்கள். ஆனால் இலை இல்லாத காட்டில்தான் விலங்கு கண்ணில் படும். தண்ணீர் தேடி ஓடைப் பக்கம் மான் கூட்டமும் காட்டுமாடும் வந்து நிற்கும். கோழிகமுத்தி யானை முகாமில் காலையில் யானைகளுக்குச் சோறு ஊட்டுவதை என் பிள்ளைகள் இமைக்காமல் பார்த்தார்கள். மலசர் சமூகத்துப் பாகன் ஒருவர் ராகிக் களியைத் தேங்காய் அளவுக்குப் பிடித்து யானையின் வாய்க்குள் வைத்துவிட்டு, தும்பிக்கையைத் தட்டிக்கொடுத்து அடுத்ததை உருட்டினார். பெரியவள் என் கையை விடவே இல்லை.

அந்தத் தேக்கு மரங்களுக்கு நடுவே ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரியின் கல்லறை இருக்கிறது. 1933-இல் இறந்தவர். வெட்டி மொட்டையாக்கிய காட்டில் தேக்கை மறுபடி வளர்த்தெடுத்தவர். "என் நினைவுச் சின்னத்தைத் தேடினால் சுற்றிலும் பாருங்கள்" என்ற பொருளில் லத்தீன் வாசகம் பொறித்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் அங்கே நின்றுவிட்டு வாருங்கள்.

மாலைக்குப் பிறகு செக்போஸ்ட் மூடிவிடும். தாமதமாகக் கிளம்பினால் அன்றைய இரவுக் கட்டணம் போனதுதான். மொபைல் சிக்னலை நம்ப வேண்டாம். கோடை வறட்சி முற்றினால் காட்டுத்தீ அபாயம் கருதிச் சுற்றுலாவை நிறுத்திவைப்பதும் உண்டு. அதனால் மாற்றுத் திட்டம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். மது, அசைவச் சமையல், பாட்டுக் கச்சேரி என்று திட்டமிடும் குழுவுக்கு இந்த இடம் வேண்டாம்.

கைக்குழந்தை, தாத்தா பாட்டி, காட்டைப் பார்க்க ஆசை, ராத்திரி கெட்டியான கதவு வேண்டும். இப்படி ஒரு குடும்பத்துக்கு நாலில் இதைத்தான் முதலில் சொல்வேன். நிலம் யாருடையது என்ற கேள்விக்கும் விலங்கு என்ற கேள்விக்கும் சேர்த்து ஒரே பதில் உள்ள இடம் இது மட்டும்தான்.

## பக்கத்து மலை: ஏலகிரி

சென்னையிலிருந்து சுமார் 230 கி.மீ. ஜோலார்பேட்டைவரை ரயில், அங்கிருந்து பேருந்து. பதினாலு கொண்டை ஊசி வளைவுகள், அவ்வளவுதான். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு மேலே இருக்கலாம். தனியார் முகாம்களும் பண்ணை வீடுகளும் நிறைய. கடை, மருந்தகம், ஆட்டோ எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்.

குளிருக்காக மே மாதம் ஏலகிரி போகாதீர்கள். பகலில் வெயில் படும் இடத்தில் அடித்த டென்ட்டுக்குள் பத்து நிமிடம் உட்கார முடியாது. பலா, மா நிழலுள்ள தோப்பில் இடம் கேளுங்கள். ஜலகம்பாறை அருவி கோடையில் பெரும்பாலும் வறண்டிருக்கும். இரவு மட்டும் இதமாக இருக்கும், ஒரு போர்வை போதும். இரண்டு இரவுக்கு இங்கே பார்க்க அதிகமில்லை. ஒரு இரவு சரியாக இருக்கும்.

ஆனால் டென்ட் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்ய இதைவிட நல்ல இடமில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அழுது அடம்பிடித்தால் பக்கத்தில் ஒரு அறையைப் பிடித்துக்கொள்ளலாம். செலவும் நாலில் இதுதான் குறைவு. மேல்மலைக்கு முன் ஒரு வெள்ளோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| | மேல்மலை | சூரியநெல்லி | டாப்சிலிப், ஆனைப்பாடி | ஏலகிரி |
|---|---|---|---|---|
| மே இரவு | நல்ல குளிர், ஸ்லீப்பிங் பேக் வேண்டும் | குளிர், உச்சியில் பலத்த காற்று | வெதுவெதுப்பு | இதம் |
| மழை வந்தால் | ஒதுங்கக் கூரை கேட்டு வாங்கணும் | முகாமைப் பொறுத்தது | கவலை குறைவு | அறை கிடைக்கும் |
| விலங்கு | காட்டுமாடு | யானை | காவலுக்குள் இருப்பீர்கள் | குறைவு |
| ஒளிந்த செலவு | சாமான்கள் | ஜீப், கேரள பெர்மிட், நுழைவு | தாமதமானால் முழுக் கட்டணமும் போகும் | பெரிதாக இல்லை |
| தடை | இ-பாஸ், உரிமம் | மலையேற்ற அனுமதி | முன்பதிவு, செக்போஸ்ட் நேரம் | இல்லை |

## எங்கே போனாலும் மாறாத சில

டென்ட்டுக்குள் கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். குளிருக்குக் கணப்பு என்று பார்பிக்யூ கரியை உள்ளே வைத்துக்கொண்டு தூங்குவது உயிரைக் குடிக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கொடைக்கானலில் 2024-இல் அறைக்குள் இப்படி வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை. டென்ட்டின் காற்றுத் துவாரத்தைக் குளிருக்குப் பயந்து மூடாதீர்கள். மூடினால் மூச்சுக்காற்றே துணியில் நீராகப் படிந்து விடியற்காலையில் மேலே சொட்டும். அதைப் பார்த்து டென்ட் ஒழுகுகிறது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர்.

பிஸ்கட், வாழைப்பழம், சிப்ஸ் எதையும் டென்ட்டுக்குள் வைத்துத் தூங்க வேண்டாம். காட்டுப்பன்றிக்கும் குரங்குக்கும் மோப்பம் அதிகம். காருக்குள் பூட்டி வையுங்கள். கேம்ப் ஃபயர் போட்டால் முகாம்காரர் ஒதுக்கிய குழியில் மட்டும் போடுங்கள். படுக்கும் முன் சாம்பலில் கை வைத்தால் சூடு தெரியாத அளவுக்குத் தண்ணீர் ஊற்றணும். மே மாதப் புல் ஒரு பொறிக்கே பிடித்துக்கொள்ளும்.

இந்த வருடம் நாங்கள் மே முதல் வாரத்தில், செவ்வாய் புதன் இரண்டு இரவு, மறுபடி மேல்மலைக்கே போகிறோம். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இ-பாஸ் வார நாளில் எளிதாகக் கிடைக்கும், அதே பூண்டுக் கொட்டகை பக்கத்தில் இருக்கிறது. என் தங்கை குடும்பம் இரண்டு வயதுக் குழந்தையோடு வர ஆசைப்பட்டது. அவர்களுக்கு டாப்சிலிப் பதிவு செய்து கொடுத்துவிட்டேன்.

நீங்கள் எந்த இடத்தை முடிவு செய்தாலும், சொந்த டென்ட் என்றால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு மொட்டைமாடியில் அடித்துப் பாருங்கள். பெண்ணோ பையனோ உள்ளே உட்காரட்டும், நீங்கள் மேலே பத்து வாளி தண்ணீர் ஊற்றுங்கள். எந்தத் தையல் ஓரத்தில் கசிகிறது என்று உள்ளே இருப்பவர் விரல் வைத்துக் காட்டுவார். அந்த இடத்தில் தையல் அடைப்புப் பசையைப் பூசி, ஒரு நாள் முழுக்க நிழலில் காய வைத்து மடித்தால் போதும்.